முதலீட்டாளராற்றுப்படை

பரிசில் வாங்கித் திரும்பும் பாணன், எதிரே பசியோடு வருகிற இன்னொரு பாணனை நிறுத்தி, எந்தக் காட்டைக் கடந்து எந்த ஆற்றங்கரையோடு போனால் எந்த வள்ளலின் வாசல் வரும் என்று வழி சொல்வது நம் பழைய மரபு. பாணர்கள் போய்விட்டார்கள். முதலீட்டாளர்கள் வந்திருக்கிறார்கள். பசி அப்படியே இருக்கிறது. உள்ளதைச் சொன்னால் கொஞ்சம் கூடியிருக்கிறது. ஆகவே ஐயா, கையில் பெட்டியும் கண்ணில் கனவுமாக நிற்கும் உங்களுக்கு வழி சொல்வது என் கடமை. கேட்டுக்கொள்ளுங்கள்.

போர்னியோத் தீவின் கிழக்குக் கரைக்குப் போங்கள். இந்தோனேசியாவின் கிழக்குக் கலிமந்தான் மாகாணம். 7 மாவட்டங்கள், 3 நகரங்கள், நடுவே மகாகம் என்னும் பேராறு. அங்கே வாசலில் காவல் கிடையாது. தோண்டிய குழிகளைச் சுற்றி வேலியே கிடையாது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மரமா, எண்ணெயா, எரிவாயுவா, நிலக்கரியா, எது வேண்டும்? எல்லாம் இருந்தது. அள்ளியவர்கள் அள்ளியது போக உங்களுக்கும் மிச்சம் இருக்கிறது.

முதலில் ஆற்றில் மேலேறி மூவாரா காமான் என்ற ஊரில் இறங்குங்கள். வள்ளல் பரம்பரையின் பிறந்த வீடு அதுதான். கி.பி. 400-ஐ ஒட்டிய காலத்தில் மூலவர்மன் என்றொரு அரசன் அங்கே ஆண்டான். வேள்வித் தூண்களான 7 யூபக் கற்களில் அவன் புகழைச் சமஸ்கிருதத்தில் செதுக்கிவைத்தார்கள். எழுத்து பல்லவ எழுத்து. நம் பக்கத்திலிருந்து கடல் கடந்து போனது. இந்தோனேசியாவில் கிடைத்த எழுத்துகளிலேயே மிகப் பழையது அதுதான் என்கிறார்கள். அந்த நாடு முதன்முதலாக எழுதிவைத்த செய்தி என்ன தெரியுமா? மன்னர் அந்தணர்களுக்கு 20,000 பசுக்களைத் தானம் செய்தார் என்பது. அந்தப் பசுக்களை யாருடைய தொழுவத்திலிருந்து அவிழ்த்தார்கள் என்று கல்லில் இல்லை. அவிழ்த்துக் கொடுத்தவன் வீட்டில் அன்று பால் இருந்ததா என்றும் இல்லை. பாரி முல்லைக்குத் தேரை விட்டானென்றால் அது அவன் ஏறிவந்த தேர். இறங்கி நடந்தே வீடு திரும்பியிருப்பான். இங்கே வள்ளன்மை வேறு ரகம். அடுத்தவன் கொல்லையைத்தான் இங்கே வாரி வழங்குவார்கள். கொடுப்பவருக்கு ஒரு கையெழுத்துதான் செலவு.

அந்தக் கற்களைப் பார்க்கலாமா என்று கேட்காதீர்கள். அசல் கற்கள் ஜகார்த்தாவில், தேசிய அருங்காட்சியகத்தில். தெங்காரோங்கில் உள்ள மூலவர்மன் அருங்காட்சியகத்தில் நகல்கள் இருக்கின்றன. இந்த மாகாணத்திலிருந்து ஏற்றுமதியான சரக்குப் பட்டியலில் கல்லையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பின்னால் 1970-களில் மரம் போனது; வெட்டிய மரங்களை வெள்ளம் வரும்போது மகாகத்தில் மிதக்கவிட்டு, ஆறே தெரியாமல் கட்டைகளாக ஓட்டினார்கள். வெட்டிக் காய்ந்த காட்டில் 1982-83-ல் தீப்பிடித்து ஏறத்தாழ 35 லட்சம் ஹெக்டேர் எரிந்தது. பாலிக்பாப்பானில் 1897-லேயே எண்ணெய்க் கிணறு தோண்டியாயிற்று. பொந்தாங்கிலிருந்து 1977 முதல் திரவ எரிவாயு கப்பலேறி ஜப்பானுக்குப் போனது. நாட்டின் எரிசக்திக் களஞ்சியம் என்று இந்த மாகாணத்துக்குப் பட்டம் வேறு உண்டு. களஞ்சியத்தின் தலைநகரான சமரிந்தாவில் ஆண்டுக்கணக்கில் மின்வெட்டு இருந்தது. ஆற்றின் மேற்பகுதிக் கிராமங்கள் பலவற்றில் இன்னமும் சில மணி நேர ஜெனரேட்டர் வெளிச்சம். களஞ்சியத்துக்குள்ளேயே விளக்கேற்றினால் தீப்பிடித்துவிடும் என்று பயந்திருப்பார்கள்.

மூலவர்மன் பெயர் மட்டும் ஊரைவிட்டுப் போகவில்லை. பல்கலைக்கழகத்துக்கு அவன் பெயர், ராணுவத் தலைமையகத்துக்கு அவன் பெயர், ஒரு கிராமத்துக்கும் அவன் பெயர். அந்தக் கிராமத்தைக் கட்டாயம் பாருங்கள் ஐயா, உங்கள் தொழிலின் மாதிரிப் பண்ணை அது. தெங்காரோங்கின் எதிர்க்கரையில் இருக்கிறது. ஜாவாத் தீவில் நெருக்கடி அதிகம், கலிமந்தானில் நிலம் சும்மா கிடக்கிறது என்று அரசாங்கமே 1980-களில் ஜாவா விவசாயிகளைக் கப்பலேற்றிக் கொண்டுவந்து இறக்கிய இடம். காட்டை வெட்டினார்கள், வரப்புப் போட்டார்கள், நெல் விளைத்தார்கள். வயலுக்கு அடியில் கரி இருப்பது பிறகு தெரிந்தது. அதே அரசாங்கம் இன்னொரு கையெழுத்தைப் போட்டது. வெடி வைத்ததில் சுவர் விரிந்தது, ஊற்று நின்றது, பக்கத்து வயல்காரன் விற்றுவிட்டுப் போனதும் நடுவில் மாட்டிக்கொண்ட வயலுக்கு வாய்க்கால் இல்லை. கடைசியில் மிச்சமிருந்தவர்கள் எங்களை வேறு எங்காவது கொண்டுபோய் விடுங்கள் என்று மனுக் கொடுத்தார்கள். ஒரே தலைமுறையில் ஒரு கூட்டத்தை இரண்டுமுறை நாடோடியாக்க எந்தக் கொடுங்கோலனும் இவ்வளவு கோப்புகளைத் திறந்திருக்கமாட்டான்.

அந்தணருக்குப் பசு கொடுத்த பழக்கமும் அற்றுப்போகவில்லை என்பதை நீங்கள் அறிந்துகொள்ள வேண்டும். 2024 மே மாதம் ஓர் அரசாணை வந்தது. மத அமைப்புகளுக்கு நிலக்கரிச் சுரங்கங்களை முன்னுரிமையில் வழங்கலாம். நாட்டின் மிகப் பெரிய முஸ்லிம் அமைப்புக்கு, இதே மாகாணத்தில், கல்திம் பிரிமா கோல் என்ற பெரும் நிறுவனம் திருப்பிக்கொடுத்த பரப்பில் ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. கத்தோலிக்க ஆயர் பேரவை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. அவர்களுக்குப் பிழைக்கத் தெரியவில்லை. அடுத்த ஆண்டு தொடக்கத்தில், பல்கலைக்கழகங்களுக்கும் சுரங்கம் தரலாமா என்று நாடாளுமன்றத்தில் யோசித்தார்கள். எதிர்ப்பு வந்ததால் நேரடியாகத் தராமல் சுற்றிவளைத்து வைத்தார்கள். அவசரக்காரர்கள் அதுவரை பொறுக்கவில்லை. 2025-ல் நோன்புப் பெருநாள் விடுமுறையில், ஆளில்லாத நேரம் பார்த்து, சமரிந்தாவில் மூலவர்மன் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சிக் காட்டுக்குள் பொக்லைன்கள் புகுந்து 3 ஹெக்டேருக்கு மேல் வழித்துவிட்டன. வனவியல் மாணவர்களுக்கு விடுமுறை முடிந்து வந்ததும் களப்பணிக்கு நல்ல பொருள் கிடைத்தது.

சமரிந்தாவுக்கு வந்துவிட்டோம். இங்கே கொஞ்சம் தங்கத்தான் வேண்டும்.

நகரம் என்றால் வீடு, கடை, பள்ளிக்கூடம், ஒதுக்குப்புறமாக நாலு தொழிற்சாலை என்று நீங்கள் நினைத்திருப்பீர்கள். சமரிந்தா நகர எல்லைக்குள் இருக்கும் நிலத்தில் 70 சதவீதத்துக்குச் சுரங்க உரிமம் கொடுத்திருந்தார்கள். சுரங்கத்துக்கு நடுவே நகரத்துக்கு இடம் விட்டார்கள் என்று சொல்வதுதான் சரி. 1998-ல் சர்வாதிகாரி சுகார்த்தோ போனார். அதிகாரத்தைத் தலைநகரிலிருந்து மாவட்டங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஜனநாயகம்! அதுவரை ஜகார்த்தா வரை போய்ப் பிடிக்க வேண்டியிருந்த கையெழுத்து, பக்கத்துத் தெருவிலேயே கிடைக்கத் தொடங்கியது. தேர்தல் வரும் ஆண்டில் உரிமங்கள் மழைக்காளானாக முளைத்தன. பிறகு 2020-ல் சட்டத்தைத் திருத்தி அதிகாரத்தை மறுபடி ஜகார்த்தாவுக்கே இழுத்துக்கொண்டார்கள். இப்போது யாராவது குழந்தை செத்துப் போனால், உரிமம் கொடுத்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உள்ளவர் உரிமம் கொடுக்கவில்லை. சட்டம் இயற்றத் தெரிந்தவர்கள் அப்பா.

குழந்தை என்றேனே. அதை விளக்குகிறேன், திட்ட அறிக்கையில் இதற்குத் தனித் தலைப்பு இருக்காது.

இங்கே கரி ஆழத்தில் இல்லை. மேல்மண்ணை வழித்து ஒதுக்கினால் கறுப்பாகத் தெரியும். வழிக்கிறார்கள், தோண்டுகிறார்கள், ஏற்றுகிறார்கள். கரி தீர்ந்ததும் கடைசிக் குழி மிச்சம். தோண்டி எடுத்த மண்ணைக் கொண்டே அதை மூட வேண்டும், மரம் நட வேண்டும் என்பது சட்டம். அதற்கென்று முன்பணமும் கட்டிவைக்க வேண்டும். மூடுகிற செலவைவிட அந்த முன்பணத்தைக் கைகழுவுவது மலிவு. கம்பெனி கலைந்துவிடும். பெயர்ப்பலகை துருப்பிடிக்கும். மழை பெய்து குழி நிரம்பும். கரியோடு கிடந்த கந்தகக் கல் நீரில் கரைந்து தண்ணீர் அமிலமாகும். பாசிகூட இல்லாமல் தெளிந்து, பச்சையும் நீலமுமாக, சுற்றுலாத் துறை அட்டைப் படத்துக்கு ஏற்ற நிறத்துக்கு வரும். கரை, படிக்கட்டு வெட்டிய களிமண். மழை விட்ட பிறகு கால் வைத்தால் வழுக்கிக்கொண்டு போகும். ஓரத்தில் முழங்கால் ஆழம், இரண்டாவது எட்டில் ஆளை விழுங்கும். ஆட்கள் வசிக்கும் இடத்திலிருந்து 500 மீட்டருக்கு உள்ளே குழி வரக்கூடாது என்று விதி. சமரிந்தாவில் பள்ளிக்கூடம் விட்டு வருகிற பையன் சட்டையைக் கழற்றிப் புத்தகப் பைமேல் போட்டுவிட்டுக் குதிக்கும் தூரத்தில் குழிகள் இருக்கின்றன. நிலநடுக்கோட்டுச் சூடு. விளையாட வேறு மைதானம் இல்லை; இருந்ததைத் தோண்டிவிட்டார்கள்.

ஜாத்தாம் என்ற சுரங்க எதிர்ப்பு அமைப்பு எண்ணிப் பார்த்தபோது மாகாணம் முழுக்க மூடாத குழிகள் 1,735 இருந்தன. 2011 முதல் அவற்றில் மூழ்கிச் செத்தவர்கள் 40 பேருக்கு மேல். பெரும்பாலும் குழந்தைகள். ஒவ்வொரு சாவுக்குப் பின்னும் நடப்பவை எல்லோருக்கும் மனப்பாடம்: அதிகாரிகள் வருவார்கள், ஆழம் அளப்பார்கள், "நீந்தத் தடை" என்று பலகை நடுவார்கள். பிள்ளையைப் பெற்றோர் கண்காணித்திருக்க வேண்டும் என்று அறிவுரை வரும். சமாதானப் பணம் என்று ஓர் உறை வரும். 2019-ல் கேள்வி எழுந்தபோது மாகாணத்தின் உச்சப் பதவியில் இருந்தவரிடமிருந்தே, சாவு எங்கும்தான் இருக்கிறது, அது அவரவர் விதி என்கிற தொனியில் பதில் வந்தது. விதிக்கு உரிம எண் உண்டு, ஐயா. கையெழுத்தும் தேதியும் முத்திரையும் உண்டு. எமன் எருமையில் வந்த காலத்தில் இப்படியெல்லாம் ஆவணம் இருந்ததில்லை. இருந்தும் இங்கே எமனைத்தான் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்கள்.

இதைவிடச் சாமர்த்தியசாலிகளும் உண்டு. குழிகளை ஏன் மூட வேண்டும், மீன் வளர்க்கலாம், படகு விடலாம், ஊருக்குக் குடிநீர் எடுக்கலாம் என்று யோசனை சொன்னவர்கள் அவர்கள். கொலைக் கத்தியைக் காய்கறி நறுக்க வைத்துக்கொள்ளலாமே என்கிற சிக்கன புத்தி.

சமரிந்தாவின் அதிகாரபூர்வ முழக்கத்தில் நிழல், நேர்த்தி, பாதுகாப்பு, சுகம் நான்கும் இருக்கின்றன. மழைக்காலத்தில் போனால் நான்கையும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று வாசிக்கலாம். மேட்டு நிலத்தின் காடும் மேல்மண்ணும் போனபின் மழைநீர் ஊறுவதற்கு இடமில்லை. சேறாக இறங்கி, கரங் மூமுஸ் என்ற கிளையாற்றை அடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருகிறது. 2019-ல் பெருநாள் பலகாரம் தீர்வதற்குள் நகரத்தின் பல பகுதிகள் மூழ்கிக் கிடந்தன. சரி, ஆற்றங்கரைக்கு வாருங்கள். கரி மலையைச் சுமந்த பார்ஜுகள், ஒவ்வொன்றும் கால்பந்து மைதானம் போல, ஒரு சின்ன இழுவைப் படகின் பின்னால் வரிசையாகக் கடலை நோக்கிப் போகும். பாலத்துக்கு அடியில் நுழையும்போது சில சமயம் தூணில் இடிக்கும். மகாகம் பாலம் இப்படிப் பலமுறை அடி வாங்கியிருக்கிறது. 2025-ல் பிப்ரவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை. அந்த வரிசையில் ஒரு பகுதி நம் பக்கமும் வரும். தமிழ்நாட்டு அனல்மின் நிலையங்களுக்கும் இந்தோனேசியக் கரி இறங்கியிருக்கிறது. இதை வாசிக்கும்போது தலைக்கு மேல் மின்விசிறி ஓடினால், நாமும் அந்த வள்ளலிடம் பரிசில் பெற்றவர்கள்தான்.

இந்தப் பார்ஜுகளுக்கு நடுவே பெசுத் என்கிற ஆற்று ஓங்கில் ஒன்று வாழ்கிறது. மகாகத்தில் அது நூறுகூட மிச்சமில்லை. கவலைப்படாதீர்கள், நகராட்சி பாதுகாப்பு நடவடிக்கை எடுத்துவிட்டது. நாற்சந்தி ஒன்றில் 110 கோடி ரூபியாவில் பெசுத் நினைவுச் சின்னம் எழுப்பினார்கள். சிவப்பாக, வளைந்து, நவீனமாக நிற்கிறது. 2025 ஜனவரியில் ஊரே கூடிச் சிரித்தது. அது ஓங்கில் என்று யாருக்கும் தெரியவில்லை. செத்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு உயிரோடு இருக்கும்போதே சிலை வைக்கிறார்கள். அதற்கும் முகம் கொடுக்கவில்லை.

இனி வள்ளல்களின் குலமுறை கிளத்தல். பாணர் மரபில் அதுவும் உண்டு.

தெங்காரோங், கூத்தாய் கர்த்தநெகாரா மாவட்டத்தின் தலைநகர். நாட்டின் மிகப் பணக்கார மாவட்டங்களில் ஒன்று. 2005-ல் இந்தோனேசியாவிலேயே முதன்முதலாக மக்கள் நேரடியாக வாக்களித்து மாவட்டத் தலைவரைத் தேர்ந்த பெருமையும் இதற்கு உண்டு. வென்றவர் சௌக்கானி ஹசன் ரைஸ். ஆற்றுத்தீவில் கேளிக்கைப் பூங்கா, கம்பிவழித் தொட்டில், வானுயர் கோபுரம் என்று கட்டினார். பின்னர் ஊழல் வழக்கில் சிறை போனார்; 2010-ல் உடல்நலம் காரணமாக ஜனாதிபதியின் கருணை கிடைத்தது. அதே 2010-ல் மக்கள் அவர் மகள் ரீத்தா வித்யாசரியைத் தேர்ந்தெடுத்தார்கள். அவருக்கு 2018-ல் 10 ஆண்டுச் சிறை. அதோடு கதை முடியவில்லை: தோண்டும் ஒவ்வொரு டன் கரிக்கும் 3.3 முதல் 5 டாலர் வரை அவருக்குப் போனதாக ஊழல் ஒழிப்பு ஆணையம் 2024-ல் குற்றம்சாட்டி, 91 வாகனங்களைப் பறிமுதல் செய்தது. அதே ஊரில் ஆற்றின் குறுக்கே இருந்த தொங்குபாலம், 2001-ல் திறந்தது, கலிமந்தானின் கோல்டன் கேட் என்று கொண்டாடியது, 2011 நவம்பர் 26 அன்று பராமரிப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோதே இடிந்து ஆற்றில் விழுந்தது. 20 பேருக்கு மேல் செத்தார்கள். பத்து வயதுப் பாலம்.

வடக்கே சங்காத்தா. கூத்தாய் தீமூர் மாவட்டத்தின் தலைநகர். ஆண்டுக்கு 5 கோடி டன் கரி தோண்டும் சுரங்கம் இங்கேதான். 2020-ல் இங்கே மாவட்டத் தலைவராக இருந்தவர் கணவர். அவர் செலவுக் கணக்கைத் தட்டிக்கேட்க வேண்டிய மாவட்ட மன்றத்தின் தலைவர் மனைவி. அதிகாரப் பிரிவினை என்று அரசியல் பாடப்புத்தகத்தில் வருமே, அது இங்கே சாப்பாட்டு மேசையின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அந்த ஆண்டு ஜூலையில் ஊழல் ஒழிப்பு ஆணையம் இருவரையும் ஒன்றாகவே பிடித்தது. குடும்பத்தைப் பிரிக்கவில்லை.

தெற்கே பெனாஜாம் பாசெர் ஊத்தாரா. அதன் தலைவராக இருந்த அப்துல் கபூர் மசூத், 2022 ஜனவரியில் பிடிபட்டு, தண்டனை பெற்றார். அவர் சகோதரர் பாலிக்பாப்பான் மேயர். இன்னொரு சகோதரர் மாகாண சட்டமன்றத்தின் தலைவர். மற்றொரு சகோதரர், 2025 பிப்ரவரி முதல், மாகாண ஆளுநர். ஒருவர் குற்றத்தை மற்றவர் தலையில் கட்டுவது தவறு, கட்டவில்லை. மாகாணத்தின் முகவரிகளைத்தான் சொல்கிறேன். மனு எழுதுகிறவருக்குத் தபால்தலைச் செலவு எவ்வளவு மிச்சம் பாருங்கள், எல்லாத் துறைக்கும் ஒரே வீட்டு வாசல்.

பாலிக்பாப்பான் சுத்தமான ஊர் என்று பரிசெல்லாம் வாங்கியது. 2018 மார்ச் 31 அன்று ஒரு கரிக் கப்பலின் நங்கூரம் கடலடி எண்ணெய்க் குழாயை இழுத்து உடைத்ததில் விரிகுடாவே தீப்பற்றி 5 பேர் செத்தார்கள். கரி எண்ணெயை இடித்தது. மாகாணத்தின் இரண்டு பெருமைகளும் ஒருமுறையாவது நேரில் சந்தித்துக்கொண்டன.

பாசெர் மாவட்டத்தில் மட்டும் கவனமாக நடந்துகொள்ளுங்கள். கரி லாரிகள் பொதுச் சாலையில் ஓடக்கூடாது என்று மாகாணம் 2012-லேயே சட்டம் போட்டிருக்கிறது. லாரிகளுக்குப் படிக்கத் தெரியாது. இரவெல்லாம் ஓடின, ஆட்களை அடித்தன. மூவாரா காத்தே மக்கள் சாலையோரம் குடில் போட்டு, முறைவைத்து விழித்திருந்து, லாரிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அரசாங்கம் செய்ய வேண்டிய வேலையைச் சம்பளம் வாங்காமல் செய்தார்கள். 2024 நவம்பர் 15 அதிகாலையில் அந்தக் குடிலில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு முதியவரைக் கொன்றுபோட்டார்கள். இன்னொருவர் படுகாயத்தோடு தப்பினார். சட்டத்தை மீறிய லாரிகளுக்கு ஒரு கீறல் இல்லை.

இனி உங்களை அழைத்துப்போவது இந்த வழிநடையின் உச்சிக்கு. கல்லை, மரத்தை, எண்ணெயை, வாயுவை, கரியை எல்லாம் வாங்கிக்கொண்ட ஜகார்த்தா, 2019 ஆகஸ்டில் ஒரு முடிவு செய்தது: நானே அங்கே வந்துவிடுகிறேன். ஜகார்த்தா மூழ்குகிறது, நெரிசல் தாங்கவில்லை. ஆகவே பெனாஜாம் மாவட்டத்தின் செபாக்கு வட்டாரத்தில் புதிய தலைநகர். பெயர் நுசந்தாரா. 2022 ஜனவரியில் சட்டம் நிறைவேறியது. மதிப்பீடு 466 லட்சம் கோடி ரூபியா. காட்டு நகரம், பசுமை நகரம், அறிவார்ந்த நகரம். நகரத்தின் நடுப்பகுதி ஏற்கெனவே தைலமரத் தோட்டமாக இருந்தது. புதிய தலைநகர எல்லைக்குள்ளேயே பழைய சுரங்கக் குழிகள் நூற்றுக்கு மேல் என்று ஜாத்தாம் எண்ணியிருக்கிறது. புக்கித் சுகார்த்தோ காப்புக்காட்டில் கள்ளச் சுரங்கம் ஓடியதை 2025-ல் போலீஸ் கண்டுபிடித்தது. சர்வாதிகாரியின் பெயர் வைத்த காட்டில் திருட்டு நடந்ததென்று கேட்டு ஊருக்கு அதிர்ச்சி.

2022 மார்ச் 14 அன்று அங்கே ஒரு சடங்கு. 34 மாகாணங்களிலிருந்தும் அவரவர் ஊர் மண்ணையும் நீரையும் கொண்டுவந்தார்கள். ஜனாதிபதி ஜோக்கோ விடோடோ எல்லாவற்றையும் ஒரு பெரிய குடத்தில் கொட்டினார். நாடே ஒரு குடத்துக்குள் ஒன்றானது. அந்த மேடை நின்ற இடத்திலிருந்து சிறிது தொலைவில் செபாக்கு ஆற்றங்கரையில் பாலிக் என்ற பழங்குடிகள் வாழ்கிறார்கள். ஜகார்த்தாவிலிருந்து வரப்போகும் அதிகாரிகளின் குழாயில் தண்ணீர் வர வேண்டுமென்று ஆற்றில் தடுப்பணை கட்டினார்கள், கரையைக் கான்கிரீட்டால் அடைத்தார்கள். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்கள் தண்ணீரை விலைக்கு வாங்கினார்கள். அவர்கள் வழிபட்ட கற்களும் முன்னோர் கல்லறைகளும் வேலையில் அகப்பட்டுக்கொண்டன. 34 மாகாணத்து மண்ணுக்கு இடம் இருந்த குடத்தில், நின்ற இடத்து மண்ணின் மக்களுக்கு இடமில்லை.

முதலீட்டாளருக்கு எவ்வளவு இடம் என்கிறீர்களா? 2023-ல் திருத்திய சட்டப்படி, விவசாய நில உரிமை 95 ஆண்டு. நன்றாக நடந்துகொண்டால் இன்னொரு 95. ஆக 190. உங்கள் கொள்ளுப்பேரனின் பேரன் கையெழுத்துப் போட்டுப் புதுப்பிக்கலாம். 2025 நவம்பரில் அரசியல் சாசன நீதிமன்றம் குறுக்கே விழுந்து அதைக் குறைத்துவிட்டது. நீதிமன்றங்களுக்கு வள்ளன்மை புரிவதில்லை. இனி மறுபக்கத்துக் கணக்கு. 2024 மார்ச் தொடக்கத்தில் பாமலுவான் கிராமத்து மக்களுக்கு நுசந்தாரா ஆணையத்திலிருந்து கடிதம் வந்தது: உங்கள் வீடுகள் புதிய நகரத் திட்டத்துக்குப் பொருந்தவில்லை, 7 நாளில் நீங்களே இடித்துக்கொள்ளுங்கள். முதலீட்டாளருக்கு 190 ஆண்டு, குடியிருப்பவருக்கு 7 நாள். கூச்சல் எழுந்ததும் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். வீடுகளுக்குப் பிறகு வந்தது திட்டம். திட்டத்துக்குப் பொருந்தாதது வீடு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் பழமொழி. இங்கே ஏட்டில் சுரைக்காய் வரைந்துவிட்டுத் தோட்டத்துக் கொடியை வெட்டச் சொல்கிறார்கள்.

அதற்குச் சில நாள் முன்னால், பிப்ரவரி 24 அன்று, மிக முக்கியப் பிரமுகர்களுக்காகக் கட்டும் விமான நிலையத்தின் அருகே 9 விவசாயிகளைப் போலீஸ் பிடித்தது. கட்டுமானத் தொழிலாளரை மிரட்டினார்கள் என்று சந்தேகம். பயிர் போட்ட நிலத்துக்கு ஒழுங்காக விலை பேசுங்கள் என்பதுதான் அவர்கள் தகராறு. காவலில் 9 பேரின் தலையையும் மழித்துவிட்டுப் படம் எடுத்தார்கள். அதே ஆண்டு ஜூலையில் ஜனாதிபதி திரை நட்சத்திரங்களையும் சமூக ஊடகப் பிரபலங்களையும் மோட்டார் சைக்கிளில் அழைத்துவந்து ஊர் சுற்றிக் காட்டினார். அவர்கள் தலைமுடி காற்றில் அழகாகப் பறந்தது.

அரண்மனை ஆயிற்று. கருடன் சிறகு விரித்ததுபோல, உலோகத்தில். 2024 ஜூனில் நுசந்தாரா ஆணையத்தின் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து ராஜினாமா செய்தார்கள். ஆகஸ்ட் 17 சுதந்திர நாள் கொடி ஏறியது. இப்போது 2028-க்குள் இது அரசியல் தலைநகர் ஆகிவிடும் என்று புதிய ஜனாதிபதியின் ஆணை இருக்கிறது. ஆகட்டும். ஜகார்த்தா மூழ்குகிறதென்று ஓடிவருகிறவர்கள் குழந்தைகள் மூழ்குகிற மாகாணத்தைத் தேர்ந்தெடுத்தது ஏன் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

புறப்படும் முன் ஒரு எச்சரிக்கை. வழக்கைப் பற்றிப் பயமிருக்கும் உங்களுக்கு. சமரிந்தா மக்கள் ஒருமுறை வழக்குப் போட்டார்கள். கரி, குழி, வெள்ளம், புழுதி எல்லாவற்றையும் சேர்த்து 2013-ல் அமைச்சர்கள், ஆளுநர், மேயர் என்று வரிசையாகப் பிரதிவாதி ஆக்கினார்கள். 2014 ஜூலை 16 அன்று மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: அரசு கடமை தவறியது உண்மை; உரிமங்களை மறுபரிசீலனை செய்யுங்கள், மக்களைக் காப்பாற்றுங்கள். மக்கள் வென்றார்கள். நீங்கள் பதற வேண்டாம். அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. அந்தத் தீர்ப்புக்கு முன்னால் குழிகளில் செத்த பிள்ளைகளைவிடப் பின்னால் செத்த பிள்ளைகள் அதிகம். மேல்முறையீட்டுக்கு வக்கீல் செலவு யார் தலையில் விழும் என்றுதானே பார்க்கிறீர்கள்? உங்கள் தலையில் இல்லை. அரசு கட்டும், அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களிடம் வாங்கிய வரியிலிருந்து.